54 ப்ளக் பாயின்ட்டுகள்

பந்தயம் என்றால் என்ன? எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒருவர் விசில் ஊத வேண்டும். ஒரே திசையில் ஓட வேண்டும். முன்னால் போய்ச் சேர்கிறவருக்குக் கோப்பை.

இந்தப் பந்தயம் அப்படி இல்லை. ஒரு வண்டி அமெரிக்காவின் மேற்குக் கரையில் நின்றது. இன்னொரு வண்டி கிழக்குக் கரையில் நின்றது. நடுவே சுமார் 5,300 கிலோமீட்டர். மேற்கே இருப்பவர் கிழக்கே போக வேண்டும். கிழக்கே இருப்பவர் மேற்கே வர வேண்டும். அதாவது, அவரவர் எதிரியின் வாசலில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். யார் முதலில் தட்டுகிறார்களோ அவர் ஜெயித்தார். கன்னியாகுமரியில் புறப்பட்டுக் காஷ்மீர் போய், அங்கிருந்து டெல்லியையும் தாண்டித் திரும்பி வந்தால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு.

தேதி, 1968 ஆகஸ்ட் 26.

இதிலென்ன விசேஷம், காரில் ஏறினால் போய்விட்டுப் போகிறார்கள் என்பீர்கள். விசேஷம் இருக்கிறது. இரண்டு வண்டியிலும் ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. பெட்ரோல் டாங்க்கே கிடையாது. இரண்டுமே எலெக்ட்ரிக் வண்டிகள். இரண்டையும் தயாரித்தது எந்தக் கார் கம்பெனியும் அல்ல. காலேஜ் பையன்கள்.

இன்றைக்கு உங்கள் தெருவிலேயே பச்சை நம்பர் பிளேட்டுடன் சத்தமில்லாமல் ஒரு கார் போகிறது. 1968-ல் யோசித்துப் பாருங்கள். மனிதன் அப்போது இன்னும் நிலாவில் கால் வைக்கவில்லை. அதற்கு இன்னும் 11 மாதம் இருந்தது.

யார் இந்தப் பையன்கள்? அவர்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? பதில் தெரிய வேண்டுமென்றால் நாம் இன்னும் 25 வருடம் பின்னால் போக வேண்டும்.

1943 ஜூலை. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த சமயம். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் ஒரு நாள் காலையில் மக்கள் வெளியே வந்தால், எதிரே இருக்கிற கட்டடம் தெரியவில்லை. கண் எரிகிறது. தொண்டை கமறுகிறது. மூக்கில் தண்ணீர். அந்த ஊர் மக்கள் முதலில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான்!

ஜப்பான்காரன் போடவில்லை. பிறகு யார்? ஊருக்குள்ளே செயற்கை ரப்பருக்கான ரசாயனம் தயாரிக்கிற ஒரு ஆலை இருந்தது. அதுதான் குற்றவாளி என்று கூச்சல் போட்டு அதை நிறுத்தவும் வைத்தார்கள். புகை நின்றதா? ம்ஹூம். அடுத்து, வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கிறார்களே, அதுதான் காரணம் என்றார்கள். 1957-ல் அதற்கும் தடை வந்தது. அப்போதும் புகை போகவில்லை. புகையும் பனியும் சேர்ந்ததுபோல் இருந்ததால் 'ஸ்மாக்' என்று பெயர் வைத்துக்கொண்டு அதோடேயே வாழப் பழகிவிட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டி பாஸடேனா என்று ஓர் ஊர். அங்கே கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. செல்லமாகக் கால்டெக். அங்கே ஒரு பேராசிரியர், ஆரி ஹாகன் ஸ்மித். ஹாலந்தில் பிறந்தவர். அவருடைய ஆராய்ச்சி என்ன தெரியுமோ? அன்னாசிப் பழம். அன்னாசியின் வாசனைக்கு என்ன காரணம், எந்தெந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று ஆவியைப் பிடித்துக் குளிர வைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்திலேயே நல்ல வாசனையான ஆராய்ச்சி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் புகையைக் கொஞ்சம் பாருங்களேன் என்று அவரிடம் சொன்னார்கள். மனிதர் அன்னாசியை ஓரமாக வைத்துவிட்டு, அதே கருவியில் பாஸடேனாவின் காற்றை இழுத்துக் குளிர வைத்தார். கிடைத்தது பழுப்பு நிறத்தில் நாற்றமடிக்கிற சில சொட்டுகள். அதை ஆராய்ந்து 1950-களின் தொடக்கத்தில் அவர் சொன்ன பதில் பல பேருக்குப் பிடிக்கவில்லை. கார்களின் புகைக்குழாயிலிருந்தும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வருகிற வாயுக்கள் வெயிலில் வெந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. அதில் ஓசோன் உண்டாகிறது. மேலே வானத்தில் இருந்தால் நம்மைக் காக்கிற அதே ஓசோன், கீழே மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலை அரிக்கிற சமாசாரம்.

எண்ணெய் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அவர்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்காரர்கள் அவருடைய கல்லூரிக்கே வந்து, அவர் சொல்வது தப்பு என்று மேடை போட்டுப் பேசினார்கள். ஹாகன் ஸ்மித்துக்கு வந்ததே கோபம். அன்றைக்கு அன்னாசியை விட்டவர்தான். மிச்ச வாழ்நாள் முழுக்கப் புகையோடுதான் மல்லுக்கட்டினார். கடைசியில் அவர் சொன்னதுதான் நின்றது.

இந்த மனிதர் நடமாடிய அதே வளாகத்தில், 1960-களின் பின்பாதியில் ஒரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் வாலி ரிப்பல். (நம் கவிஞர் பெயர்தான். சம்பந்தம் ஒன்றுமில்லை.)

ரிப்பலுக்கும் அந்தப் புகை கண்ணை எரித்தது. ஆனால், புகையைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அவர் யோசிக்கவில்லை. புகையே விடாத வண்டி இருந்தால் என்ன என்று யோசித்தார்.

இது புது யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். 1900-ம் வருட வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலெக்ட்ரிக். பெட்ரோல் கார் என்றால் முன்னால் போய் நின்று இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் அது திருப்பி அடித்துக் கையை உடைக்கும். சத்தம், நாற்றம், கரி. எலெக்ட்ரிக் காரில் அந்த வம்பே இல்லை. பெட்ரோல் காரை விற்றே உலகப் பணக்காரரான ஹென்றி ஃபோர்டின் மனைவி க்ளாரா, ஊருக்குள் ஓட்டிப்போக வைத்திருந்தது ஒரு எலெக்ட்ரிக் கார்!

ஆனால், 1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. விலையைச் சரசரவென்று இறக்கினார். 1912-ல் கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி போயிற்று. ஊரெல்லாம் பெட்ரோல் பங்க் முளைத்தது. 1930-களில் எலெக்ட்ரிக் காரின் கதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

அந்தக் கதையைத்தான் ரிப்பல் மறுபடி எழுத உட்கார்ந்தார். கையில் கார் கம்பெனியின் காசு இல்லை. இருந்தது ஒரு 1958 மாடல் ஃபோக்ஸ்வேகன் மைக்ரோபஸ். நம்முடைய மாருதி ஆம்னியைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, முகத்தை உருண்டையாக்கினால் எப்படி இருக்கும்? அதுதான். பத்து வயதான அந்த வேனிலிருந்து இன்ஜினைக் கழற்றிக் கடாசினார். மோட்டாரை மாட்டினார். உள்ளே ஈய பாட்டரிகளை வரிசையாக அடுக்கினார். வண்டி ஓடியது.

ஓடியதும் அவர் செய்த காரியம்தான் அவரை சரித்திரத்தில் சேர்த்தது. அமெரிக்காவின் அடுத்த மூலையில் இருந்த எம்.ஐ.டி.க்குச் சவால் விட்டார். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் எம்.ஐ.டி. கால்டெக்குக்கும் எம்.ஐ.டி.க்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். யார் பெரிய கெட்டிக்காரன் என்று முட்டிக்கொண்டே இருப்பார்கள். 'நாங்கள் ஒரு எலெக்ட்ரிக் வண்டி செய்திருக்கிறோம். முடிந்தால் நீங்களும் ஒன்று செய்து ஓட்டிக்கொண்டு வாருங்கள் பார்க்கலாம்' என்பதுதான் சவாலின் சாரம்.

எம்.ஐ.டி. மாணவர்கள் சரி என்றார்கள். சொன்னதோடு தடபுடலாகவும் இறங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது செவர்லே கார்வேர். புத்தம்புது 1968 மாடல். அதில் வைத்தது நிக்கல் காட்மியம் பாட்டரி. ஈய பாட்டரியைவிட எடை குறைவு, சீக்கிரம் சார்ஜ் ஏறும். விலை? கிட்டத்தட்ட 20,000 டாலர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்தப் பணத்துக்கு ஏழெட்டுப் புதுக் கார்கள் வாங்கலாம். கால்டெக்கின் ஈய பாட்டரி அந்த விலையில் ஒரு சின்னப் பங்குகூட வராது.

ஆக, ஒரு பக்கம் பழைய வேன், மலிவு பாட்டரி. இன்னொரு பக்கம் புதுக் கார், யானை விலை பாட்டரி. நீங்கள் பந்தயம் கட்டுகிற ஆளாக இருந்தால் எதன்மேல் பணம் கட்டுவீர்கள்?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு கணக்கு.

ஒரு கிலோ பெட்ரோலில் இருக்கிற சக்தியை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 12 யூனிட். நம் ஈ.பி. பில்லில் வருகிறதே, அதே யூனிட்தான். ஒரு கிலோ ஈய பாட்டரியில் எவ்வளவு சேமிக்கலாம்? 0.03 அல்லது 0.04 யூனிட். நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. 300 மடங்கு வித்தியாசம். பெட்ரோல் இன்ஜின் முக்கால்வாசி சக்தியைச் சூடாக்கி வீணாக்குகிறது, மோட்டார் அப்படி இல்லை என்று சலுகை கொடுத்துப் பார்த்தாலும் எண்பது மடங்காவது பாக்கி நிற்கிறது. வண்டிக்குள் எவ்வளவு பாட்டரியைத் திணித்தாலும் நூறு கிலோமீட்டர் ஓடினால் பெரிய விஷயம். போக வேண்டியதோ 5,300 கிலோமீட்டர்.

அப்படியானால் வழியில் சார்ஜ் போட வேண்டும். எங்கே போடுவது? 1968-ல் வழியில் சார்ஜ் ஸ்டேஷனே கிடையாது. பாலைவனம், மலை, சோளக்காடு என்று நீள்கிற பாதையில் நடுவே வண்டி நின்றால் காக்காய்கூட வராது.

இங்கேதான் இந்தக் கதையின் நிஜமான கதாநாயகன் வருகிறான். அவன் காரும் இல்லை, பாட்டரியும் இல்லை. ப்ளக் பாயின்ட்!

பந்தயத்துக்காக பாஸடேனாவுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவே 54 இடங்களில் சார்ஜ் போடும் வசதி ஏற்பாடானது. பாட்டரி கம்பெனி ஒன்று முன்னின்றது. வழிநெடுக இருந்த மின்சார கம்பெனிகள் கைகொடுத்தன. சராசரியாக 60 மைலுக்கு ஒன்று, அதாவது 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. அந்தக் காலத்தில் சத்திரம் கட்டிவைத்தார்களே, நடந்து போகிறவன் எவ்வளவு தூரத்தில் களைத்துப்போவான் என்று கணக்குப் பார்த்து? அதே கணக்குதான். அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரு எலெக்ட்ரிக் வண்டி போக முடிகிற பாதை, சரித்திரத்தில் முதன்முதலாகத் தயாரானது. எண்ணி இரண்டே இரண்டு வண்டிகளுக்காக.

நடுவர் வேலையை ஒரு இன்ஜினீயரிங் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. வழியில் வண்டியைக் கட்டி இழுத்தால் அபராதம் என்று விதிகள் எழுதப்பட்டன. ஆகஸ்ட் 26 அன்று இரண்டு கரையிலும் ஒரே சமயத்தில் கொடி அசைந்தது.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பிரச்னைகளும் கிளம்பின.

பாட்டரியில் சார்ஜ் ஏற்றும்போது சூடு வரும். அவசரமாக ஏற்றினால் அதிகச் சூடு வரும். எம்.ஐ.டி.யின் விலையுயர்ந்த பாட்டரி அவசரமாகச் சார்ஜ் ஏறுவதில் கெட்டிக்காரன். அதனால் சூடாவதிலும் கெட்டிக்காரன். பையன்கள் என்ன செய்தார்கள்? ஐஸ் வாங்கிப் போட்டார்கள். ஜுரம் வந்த குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல, நிறுத்துகிற இடத்திலெல்லாம் பாட்டரிக்கு ஐஸ் கட்டி வைத்தியம். ஆகஸ்ட் மாத வெயில் வேறு.

கால்டெக் வேனுக்கு வேறு சோதனை. வழியில் மோட்டார் கருகிவிட்டது. மாற்று மோட்டாரை வரவழைத்து, மாட்டி, ஓட வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அதோடு பந்தயம் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். பையன்கள் நினைக்கவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓட்டு. நிறுத்து. சார்ஜ் போடு. காத்திரு. மறுபடி ஓட்டு.

ஒரு வாரம் தாண்டியது. முதலில் எதிரியின் ஊருக்குள் நுழைந்தது எம்.ஐ.டி.யின் கார்வேர்தான். ஆனால், எப்படி நுழைந்தது? சொந்தக் காலில் இல்லை. கடைசி நேரத்தில் அதன் மோட்டாரும் கைவிரித்துவிட, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பாஸடேனாவில் சேர்த்தார்கள். கால்டெக்கின் பழைய வேன் அதற்குப் பிறகுதான் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் எம்.ஐ.டி.க்குத்தானே வெற்றி?

நடுவர்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். யார் யார் எங்கெங்கே கட்டி இழுத்தார்கள், என்னென்ன விதி மீறினார்கள், அதற்கு எவ்வளவு நேரம் அபராதம் என்று கூட்டிக் கழித்தார்கள். விடை வந்தது. ஜெயித்தது கால்டெக். 210 மணி நேரச் சொச்சத்தில் முடிந்த பந்தயத்தில் இரண்டு பேருக்கும் இடையே வித்தியாசம், வெறும் அரை மணி நேரம்.

பத்து வயது வேன், புதுக் காரை முந்திவிட்டது. சராசரி வேகம் என்ன என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டர். காலை நேரத்தில் நம் அண்ணா சாலையில் போகிற மாதிரிதான்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சினிமா முடியும். பட்டதாரி இளைஞர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பெரிய முதலாளி ஒருவர் காரில் வந்து இறங்கி, 'தம்பி, நாளையிலிருந்து நீதான் என் கம்பெனிக்கு இன்ஜினீயர்' என்பார்.

அதெல்லாம் நடக்கவில்லை. அன்றைக்கு உலகத்துக்கு வேறு வேலை இருந்தது. பந்தயம் தொடங்குவதற்கு ஐந்தாறு நாள் முன்புதான் ரஷ்ய டாங்கிகள் பிராகுக்குள் புகுந்திருந்தன. பந்தயம் தொடங்கிய அதே ஆகஸ்ட் 26 அன்றுதான் சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் மாநாடும் தொடங்கியது. வியட்நாம் போருக்கு எதிராகத் தெருவில் இறங்கிய இளைஞர்களை போலீஸ் அடித்து நொறுக்கியதை அமெரிக்காவே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காலேஜ் வண்டிகள் ஐஸ் வைத்துக்கொண்டு ஊர்ந்து போவதை யார் பார்ப்பார்கள்?

தவிர, வியாபாரக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு காலன் பெட்ரோல் 34 சென்ட் சுமார். அதாவது ஒரு லிட்டர் ஒன்பது சென்ட். கிட்டத்தட்டத் தண்ணீர் விலை. புகையால் கண் எரிவதற்கும் நுரையீரல் கெடுவதற்கும் ஆகிற செலவு அந்த ஒன்பது சென்ட்டில் இல்லை. நான் காமர்ஸ் படித்தபோது சொல்லிக் கொடுத்தார்கள்: செலவு என்று ஒன்று நடந்தால் எங்கேயாவது பற்று எழுதியே தீர வேண்டும். கம்பெனி புத்தகத்தில் எழுதாவிட்டால், வேறு யாரோ ஒருவர் கணக்கில் அது ஏறுகிறது என்று அர்த்தம். லாஸ் ஏஞ்சலீஸில் அது மக்களின் ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த 54 இடங்கள்? கல்யாணம் முடிந்த பிறகு பந்தலை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? அதன் வழியாக மூன்றாவது வண்டி வர வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. பாதை தயாரானது, இரண்டு வண்டிகள் போயின, அவ்வளவுதான்.

ஆனால், ரிப்பல் அவ்வளவுதான் என்று விடுகிற ஆள் இல்லை.

இதற்கு அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், கவனமாக வாருங்கள். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.

1968-லேயே அன்னாசிப் பேராசிரியர் ஹாகன் ஸ்மித், கலிஃபோர்னியாவின் புதிய காற்று வாரியத்துக்கு முதல் தலைவரானார். 1970-ல் அதே இரண்டு கல்லூரிகள் 'சுத்தமான காற்று கார் பந்தயம்' என்று ஒன்றை நடத்தின. இந்தத் தடவை இரண்டு வண்டிகள் அல்ல, பல கல்லூரிகளிலிருந்து டஜன்கணக்கில் வந்தன. பாட்டரி, கேஸ், சுத்திகரித்த பெட்ரோல் என்று மாணவர்கள் விதவிதமாகச் செய்து ஓட்டினார்கள். அந்த வருடக் கடைசி நாளில் அதிபர் நிக்ஸன் சுத்தமான காற்றுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், தண்ணீர் விலைப் பெட்ரோல் எப்படிப்பட்ட மாயை என்று அமெரிக்கர்களுக்குப் புரிந்தது.

ரிப்பல் நாஸாவுக்காகக் கால்டெக் நடத்துகிற ஜெட் ப்ரொபல்ஷன் லேபில் சேர்ந்தார். மோட்டாரையும் பாட்டரியையும் விடவில்லை. பிறகு ஏரோவிரான்மெண்ட் என்ற சின்ன கம்பெனிக்குப் போனார். அதை நடத்தியவர் பால் மக்ரெடி. அவரும் கால்டெக்காரர்தான். மனிதன் காலால் பெடல் மிதித்தே பறக்கிற விமானத்தை 1977-ல் பறக்க விட்டவர்.

1987-ல் ஆஸ்திரேலியாவில் வெயிலிலேயே ஓடும் கார்களுக்கு ஒரு பந்தயம். ஜெனரல் மோட்டார்ஸுக்காக மக்ரெடியின் ஆட்கள் செய்து கொடுத்த 'சன்ரேஸர்' மற்றவர்களை எங்கோ பின்னால் விட்டுவிட்டு ஜெயித்தது. ருசி கண்ட ஜெனரல் மோட்டார்ஸ், அப்படியே ஒரு எலெக்ட்ரிக் காரும் செய்யுங்கள் என்றது. 1990 ஜனவரியில் 'இம்பாக்ட்' என்ற கான்செப்ட் கார் லாஸ் ஏஞ்சலீஸில் மேடையேறியது. அதை உருவாக்கிய குழுவில் ரிப்பலும் இருந்தார். ஆலன் கோக்கோனி என்ற இன்னொரு கால்டெக்காரரும் இருந்தார்.

காரைப் பார்த்தது கலிஃபோர்னியாவின் காற்று வாரியம். ஹாகன் ஸ்மித் 1977-லேயே காலமாகிவிட்டார். ஆனால் அவர் ஆரம்பித்து வைத்த வாரியம் சும்மா இல்லை. ஓஹோ, முடியும்போலிருக்கிறதே! அப்படியானால் 1998-ல் பெரிய கம்பெனிகள் விற்கிற கார்களில் 2 சதவிகிதம் புகையே இல்லாததாக இருக்க வேண்டும் என்று 1990-லேயே உத்தரவு போட்டுவிட்டது. கம்பெனிகள் ஆடிப்போயின. கோர்ட்டு, கச்சேரி, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்தது. உத்தரவு படிப்படியாக நீர்த்துப்போனது.

இம்பாக்ட்டின் வாரிசாக 1996 கடைசியில் 'ஈ.வி.1' ரோட்டுக்கு வந்தது. விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் கொடுத்தார்கள். மொத்தம் 1,117 கார். ஓட்டியவர்கள் உயிரையே விட்டார்கள். 2003 வாக்கில் குத்தகை முடிந்தது என்று கம்பெனி அத்தனை காரையும் திரும்ப வாங்கியது. வைத்துக்கொள்கிறோம், காசு தருகிறோம் என்று கெஞ்சினார்கள். கொடுக்கவில்லை. ஒருசிலவற்றை மியூசியங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்துவிட்டு, மற்றதை எல்லாம் நசுக்கித் தகடாக்கினார்கள். தம் காரை மீட்க முடியாதவர்கள் நிறுத்தி வைத்த இடத்துக்கு வெளியே ராத்திரி பகலாக உட்கார்ந்து காவல் காத்த கூத்தும் நடந்தது. 2006-ல் வந்த ஒரு ஆவணப்படம் இந்தக் கொலைக் கதையைச் சொன்னது. அதில் ரிப்பலும் வந்து பேசினார்.

முடிந்ததா? இல்லை. கோக்கோனி இதற்குள் தனிக்கடை போட்டிருந்தார். அவர் கம்பெனி செய்த 'டிஸீரோ' என்ற குட்டிக் காரை ஓட்டிப் பார்த்து அசந்துபோனவர்களில் சிலர், 2003-ல் தொடங்கிய ஒரு கம்பெனியைக் கட்டி எழுப்பினார்கள். அதன் பெயர் உங்களுக்குத் தெரியும். டெஸ்லா. கோக்கோனியின் கம்பெனியிடமிருந்து தொழில்நுட்ப உரிமை வாங்கித்தான் அவர்கள் முதல் காரை ஆரம்பித்தார்கள். அந்த டெஸ்லாவில் சில வருடம் இன்ஜினீயராக வேலை பார்த்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

வாலி ரிப்பல்.

பழைய வேனிலிருந்து இன்ஜினைக் கழற்றிப்போட்ட அதே கை. நடுவே போனது கிட்டத்தட்ட 40 வருடம்.

ஒரு கேள்வி உங்களுக்கு வரலாம். அந்தப் பையன்கள் 1968-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பெரிய கம்பெனிகள் மறைத்துவிட்டன என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அன்றைய பாட்டரியை வைத்துக்கொண்டு யாராலும் வியாபாரம் பண்ணியிருக்க முடியாது. ஐஸ் பெட்டியோடு யார் ஆபீஸ் போவார்கள்? லித்தியம் பாட்டரி வருகிற வரைக்கும் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

ஆனால், அவர்கள் கண்டுபிடித்தது வேறொன்று. அதற்கு லித்தியம் தேவையில்லை. காரை மட்டும் செய்தால் போதாது, அது போகிற பாதையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பெட்ரோல் கார் ஜெயித்ததற்கு இன்ஜின் மட்டும் காரணம் இல்லை. போகிற இடமெல்லாம் பங்க் இருந்தது. இந்த ஞானம் இல்லாததால்தான், பின்னால் வந்த பல எலெக்ட்ரிக் கார்கள் வீட்டு வாசலைத் தாண்டப் பயந்துகொண்டு நின்றன.

டெஸ்லா தன் முதல் சார்ஜ் நிலையங்களைத் திறந்தது 2012 செப்டம்பரில். அதே கலிஃபோர்னியாவில், ஆறு இடங்களில். ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போய், 2014 ஜனவரி கடைசியில் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூயார்க்குக்குத் தன் கார்களை ஓட்டிக் காட்டியது. கரையிலிருந்து கரைக்கு. மூன்று நாள் சொச்சம். உலகமே கைதட்டியது.

தட்டட்டும், தப்பில்லை. நல்ல காரியம்தான். ஆனால், அதே மாதிரி ஒரு பாதையை, அதே மாதிரி கணக்குப் போட்டு, 46 வருடத்துக்கு முன்பே சில மாணவர்கள் போட்டுப் போய்விட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸில் காற்று 1968-ஐவிட எவ்வளவோ தேவலாம். ஆனாலும் ஓசோன் அதிகமுள்ள அமெரிக்க நகரங்களின் பட்டியலில் இன்றும் அதன் பெயர் வருகிறது. கடன் முழுக்க இன்னும் அடைபடவில்லை.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் ஓட்டலுக்குப் பக்கத்தில் யாராவது காருக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, காபி குடித்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தால், அது 55-வது ப்ளக் பாயின்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.